பாணை நிறுத்திப் பார்த்த வைத்தியர்

ஓமந்தை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் குளங்களோ நெல்வயல்களோ அல்ல. ஏ9 வீதியிலிருந்த சோதனைச் சாவடிதான். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வன்னிக்குள் சென்ற பொருட்கள் அந்த வழியாகவே சென்றன. 2009 இல், போரின் இறுதி மாதங்களில் வெளியேறிய மக்கள் ஓமந்தையில் சோதனையிடப்பட்டே செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்த பங்கீட்டில் அரிசியுடன் கோதுமை மாவும் இருந்தது. அதற்கு முன்னரே, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் நிவாரண உணவை நம்பி வாழ்ந்தன. நெல் விளைவித்த மக்கள், கப்பலில் வந்திறங்கும் ஒரு தானியத்தின் மாவைப் பிசைந்து உயிர் தரித்த காலம் அது.

முகாம்கள் மூடப்பட்டுவிட்டன. சோதனைச் சாவடியும் 2015 இல் அகற்றப்பட்டது. கோதுமை மா மட்டும் சமையலறையை விட்டு அகலவில்லை. காலையில் பாண், மாலையில் ரொட்டி, இரவில் அவித்த மாப் பிட்டு, கடைக்குப் போனால் கொத்து என்றாகிவிட்டது நம் உணவு. கூடவே, வயிறு ஊதுகிறது, அடிக்கடி வயிற்றோட்டம் போகிறது, பிள்ளைக்கு உடம்பு பிடிக்கவில்லை என்ற முறைப்பாடுகளும் வீடுகளில் கேட்கின்றன. அண்மைக் காலமாகக் குளுட்டன் என்ற சொல்லும் இவற்றோடு சேர்ந்து அடிபடுகிறது. சிலர் எதையும் விசாரியாது பாணை முற்றாக நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலரோ இது பணக்கார நாட்டவரின் நாகரிகம் என்று தள்ளிவிடுகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது நமது எண்ணம். இக்கேள்வியை முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக விடை கண்ட ஒரு வைத்தியரின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர விரும்புவதற்கு அதுவே காரணம்.

வில்லெம் கரெல் டிக்கே 1905 பெப்ரவரி 11 ஆம் திகதி நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ற் நகரில் பிறந்தார். 1658 முதல் 1796 வரை யாழ்ப்பாணத்தையும் நமது கரையோரங்களையும் ஆண்ட ஒல்லாந்தரின் நாடுதான் அது. (நாம் இன்றும் வழங்கும் கக்கூசு என்ற சொல் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வோர். வயிற்றுக் கோளாறு பற்றிய கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) லெய்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற டிக்கே, ஹேக் நகரிலிருந்த ஜூலியானா சிறுவர் வைத்தியசாலையில் குழந்தை நல மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். 1936 இல், தமது 31 ஆவது வயதிலேயே, அந்த வைத்தியசாலையின் பணிப்பாளரானார்.

அந்நாளில் சீலியாக் எனப்பட்ட ஒரு நோய் சிறுவர் வைத்தியர்களைத் திணறடித்துக்கொண்டிருந்தது. பால் மறந்து திட உணவுக்கு வந்த பிள்ளை நாளடைவில் மெலியும், வயிறு மட்டும் பானைபோல் உப்பும், மலம் வெளிறி, கொழுப்புப் படிந்து, துர்நாற்றத்துடன் போகும், சிடுசிடுப்பு மிகும், வளர்ச்சி நின்றுவிடும். பலர் இறந்தும் போயினர். இலண்டன் வைத்தியரான சாமுவேல் கீ 1888 இல் இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணம் என்று ஒன்று உண்டானால் அது உணவின் வழியாகவே வரவேண்டும் எனக் கணித்திருந்தார். எந்த உணவு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்துக் கடல் மட்டியை நாள்தோறும் உண்ட ஒரு பிள்ளை நன்கு தேறியதையும், மட்டிக்காலம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

1924 இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். வாழைப்பழத்தைத் தாராளமாகக் கொடுத்து, பாணையும் தானிய உணவுகளையும் விலக்கினார். பிள்ளைகள் பிழைத்தனர், புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. பிழைக்கச் செய்தது கொடுக்கப்பட்ட பழமா, விலக்கப்பட்ட பாணா என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால், நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணி அப்பிள்ளைகளுக்குப் பின்னர் பாண் கொடுப்பதிலும் தவறொன்றும் தெரியவில்லை. சரியான பலனிலிருந்து பிழையான காரணத்தை எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரிந்து வேறில்லை.

டிக்கேயின் கவனத்தை இவ்விடத்துக்குத் திருப்பியவர் ஓர் இளந்தாய் என்று அவருடன் பணிபுரிந்தவர்கள் கூறியுள்ளனர். தன் பிள்ளைக்குப் பாணை நிறுத்தினால் சுகமாகிறது, மீண்டும் கொடுத்தால் நோய் திரும்புகிறது என்று அத்தாய் சொன்னாராம். தாய்மார் இவ்வாறு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத வைத்தியர்கள் எந்நாட்டிலும் உண்டு. டிக்கே போட்டுக்கொண்டார். ஆனால் உடனே நம்பிவிடவும் இல்லை. கோதுமையை விலக்கிய உணவைத் தமது நோயாளிகளுக்குக் கொடுத்து, நிறையையும் உயரத்தையும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், குறித்துவந்தார். பாண் இல்லாத எளிய உணவுமுறை பற்றிய அவரது முதற் கட்டுரை 1941 இல் நெதர்லாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

அப்போது நாடு ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பில் இருந்தது. 1944 செப்டெம்பரில் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததைத் தொடர்ந்து, மேற்கு மாகாண நகரங்களுக்கு உணவு செல்வதை ஆக்கிரமிப்பாளர்கள் தடுத்தனர். பின்னர் கால்வாய்கள் உறைந்தன. ஹேக், அம்ஸ்ரடாம், ரொட்டடாம் நகர மக்கள் சீனிக்கிழங்கையும் டியூலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்துத் தின்றனர். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். பட்டினிக் குளிர்காலம் என்று அந்நாட்டவர் இன்றும் அதை நினைவுகூருகின்றனர். பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த வன்னி மக்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஊரெல்லாம் மெலிந்த அந்தக் குளிர்காலத்தில் சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் மட்டும் மோசமடையவில்லை. சிலர் தேறவும் செய்தனர். 1945 இல் பாண் மீண்டும் கிடைத்தபோது நோயும் திரும்பியது எனக் கூறப்படுகிறது. பஞ்சம்தான் டிக்கேக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது என்று இக்கதையைப் பலர் சுருக்கிச் சொல்வர். அது சரியன்று. பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அவர் எழுதிவிட்டார். பஞ்சம் அவருக்குக் கொடுத்தது சாட்சியத்தை மட்டுமே. அந்தச் சாட்சியத்தையும் அவர் போதுமானதாகக் கொள்ளவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பஞ்சத்தில் பாண் மட்டுமா இல்லாமற் போயிற்று? சீனி, கொழுப்பு, இறைச்சி எல்லாமே அற்றுப்போயிருந்தன.

ஆகவே போர் முடிந்ததும் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். தேறிய பிள்ளைக்குக் கோதுமையைத் திரும்பக் கொடுத்தார், பின்னர் நிறுத்தினார், அரிசி, சோளம், உருளைக்கிழங்கு என்பவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதோடு நில்லாமல் அளந்தும் பார்த்தார். யூட்ரெக்ற் நகரின் உயிர் இரசாயனவியலாளர் வான் டி காமர், மலத்திலுள்ள கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையொன்றை உருவாக்கியிருந்தார். குழந்தை நல வைத்தியர் வையர்ஸும் இவர்களுடன் இணைந்தார். கோதுமை கொடுத்தபோது மலத்தில் கொழுப்பு உயர்ந்தது. நிறுத்தியபோது தாழ்ந்தது. அரிசியும் சோளமும் உருளைக்கிழங்கும் தீங்கு செய்யவில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாப்பொருளும் தீங்கு செய்யவில்லை. கோதுமையும் அதன் உறவான றை தானியமும் தீங்கு செய்தன. 1950 இல் யூட்ரெக்ற் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் இவை அனைத்தையும் அவர் பதிவு செய்தார்.

குற்றவாளி மாப்பொருள் அல்ல, புரதம் என்று அடுத்து விளங்கியது. கோதுமை மாவைப் பிசைந்து ஓடும் நீரில் கழுவினால் வெண்மையான மாப்பொருள் கரைந்து போக, இறப்பர் போன்ற பசை எஞ்சும். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும், பாண் பொங்கி நிற்பதும் அப்பசையால்தான். அதுவே குளுட்டன். 1952 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் சார்லட் அன்டர்சன் என்ற பெண் வைத்தியரும் அவரது குழுவினரும் அதை உறுதி செய்தனர். சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் இந்நோயில் தேய்ந்து மட்டமாகிவிடுவது 1950களின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்டது. சடைமுளை தேய்ந்தால் உண்ட உணவு உடலில் சேராது. டிக்கே 1957 இல் யூட்ரெக்ற்றில் பேராசிரியராகி, அங்குள்ள வில்ஹெல்மினா சிறுவர் வைத்தியசாலையை நடத்தினார். 1962 இல் தமது 57 ஆவது வயதில் காலமானார்.

இனி ஓமந்தைக்குத் திரும்புவோம். ஒரு வீட்டில் வயிற்றுக் கோளாறு நீங்காதிருந்தால் அதற்குக் கோதுமைதான் காரணமா என்று எப்படி அறிவது?

வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வாரத்தில் வருத்தம் வந்தால், முதலில் கிணற்றையும் குடிநீரையும் பார்க்க வேண்டும். சீலியாக் அவ்வாறு வருவதில்லை. அது பரம்பரையோடு தொடர்புடையது. ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். ஆனால் ஒருவருக்கு வயிற்றோட்டமாகவும், இன்னொருவருக்கு மாத்திரை குடித்தும் தீராத குருதிச்சோகையாகவும், வேறொருவருக்கு வளர்ச்சிக் குறைவாகவும் தோன்றலாம். பூச்சி, அமீபா, பால்மாவிலுள்ள சீனி சமிபாடடையாமை என்பனவும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும். கோதுமையைத் தின்றால் வயிறு ஊதும் சிலருக்குக் குளுட்டனால் அன்றி, கோதுமையிலுள்ள பிரக்ரான் என்ற காபோவைதரேற்றால் அவ்வாறு நேர்வதுமுண்டு.

டிக்கேயின் காலத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்தறிந்ததை இன்று ஒரு குருதிப் பரிசோதனை பெருமளவு சொல்லிவிடும். ரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதியத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை அது அளக்கிறது. தேவைப்பட்டால் உட்காண் குழாய் மூலம் சிறுகுடலில் ஒரு துணுக்கு எடுத்துச் சடைமுளைகளைப் பார்ப்பர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பரிசோதிக்கும்போது அவர் கோதுமை உண்டுகொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே பாணை நிறுத்திவிட்டால் பிறபொருளெதிரி குறைந்து, சடைமுளை தேறி, நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரும். ஏற்கனவே நிறுத்தியவர்கள், வைத்தியரின் ஆலோசனையுடன் குறைந்தது ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் கோதுமை உண்ட பின்னரே சோதிக்க வேண்டியிருக்கும். நல்லெண்ணத்தோடு அவசரப்படும் குடும்பங்கள் இழப்பது இந்தச் சாட்சியத்தைத்தான்.

அரிசி உண்ணும் நமக்கு இந்நோய் வருமா எனக் கேட்போர்க்கு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்று 2016 இல் வெளியான இந்திய ஆய்வைச் சுட்டலாம். வட இந்தியாவில் ஆயிரத்தில் 12 பேருக்கும் தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும் சீலியாக் காணப்பட்டது. இந்நோய்க்கு இடமளிக்கும் பரம்பரை அலகு இரு பகுதிகளிலும் பெருமளவு வேறுபடவில்லை. வேறுபட்டது உணவு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கில் 25 கிராம். ஆக, நம்மவரில் இது அரிது, இல்லாததன்று. பாணும் பரோட்டாவும் கூடிவரும் வீடுகளில் இந்தக் கணக்கை மறக்கலாகாது.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் கோதுமை, றை, பார்லி மூன்றையும் தவிர்க்க வேண்டும். சோறு, குரக்கன், சோளம், ஒடியல், மரவள்ளி, பயறு, உளுந்து எல்லாம் நம்மிடமே இருக்கையில் அதற்கு வெளிநாட்டுத் தனி உணவு வாங்க வேண்டியதில்லை. மறைந்திருப்பவைதான் ஏமாற்றும். ரவையும் சேமியாவும் கோதுமையே. நம் வீட்டுத் தோசையில் உளுந்தோடு கோதுமை மா சேர்ப்பது வழக்கம். கூட்டுப் பெருங்காயத் தூளிலும் சோயா சோஸிலும் அது இருக்கக்கூடும்; மோல்ட் பானங்களில் பார்லி உண்டு. நோன்புக் கஞ்சி அரிசியால் ஆனதாயின் அச்சமில்லை. ஆனால் நோயாளிக்கென அன்போடு காய்ச்சிக் கொடுக்கும் தல்பீனா பார்லிக் கஞ்சி என்பதால் இவர்களுக்கு ஆகாது. அரிசி மாவையும் கோதுமை மாவையும் ஒரே அரிதட்டில் அரிப்பதையும் கைவிட வேண்டும்.

டிக்கேயின் ஆய்வேட்டில் பிள்ளைகளின் நிறையைக் காட்டும் வரைபுகள் இருக்கின்றன. கோதுமை கொடுத்த மாதங்களில் கோடு சரிந்தும், நிறுத்திய மாதங்களில் உயர்ந்தும் செல்லும். அதே போன்ற கோடு நம் பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் சாலையோரக் கிளினிக்கில் நிறுத்துக் குறித்துத் தருவது அதுதான். பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லும்போது அந்தப் பதிவேட்டையும், பாண் ரொட்டி கொடுக்கத் தொடங்கிய மாதம் எது என்ற விபரத்தையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.