எலிகளுக்குச் சமைத்துப் போட்ட டாக்டர்

வயதான அம்மா குளியல் அறையில் வழுக்கி விழுகிறார். லேசாகத்தான் விழுந்தார். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து விடுகிறது.

காரணம் என்ன? அவருடைய எலும்பு வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே சல்லடை போல ஆகி இருந்தது. இதற்கு எலும்புப்புரை நோய் என்று பெயர்.

இந்த நோய் ஒரே நாளில் வருவது அல்ல. சிறு வயதில் தட்டில் என்ன விழுந்தது என்பதில் இருந்தே அதன் கதை தொடங்குகிறது.

தட்டில் விழும் சோற்றுக்கும், வளரும் உடம்புக்கும் உள்ள கணக்கை நம் பக்கத்து மலையில் இருந்து கொண்டு உலகத்துக்குக் காட்டினார், ஒரு டாக்டர். அவர் பெயர் சர் ராபர்ட் மெக்கரிசன்.

மலை நாட்டில்

மெக்கரிசன் 1878-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் படித்து, 1900-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23.

வடமேற்கு எல்லையில், கில்கிட் என்ற மலை ஊரில் அவருக்கு வேலை. அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. வாய்க்காலில் மேலே இருந்த ஊர்களில் கழலை குறைவு. அதே தண்ணீர் கீழே போகப் போகக் கழலை அதிகம்!

குற்றம் அந்தத் தண்ணீரில்தான் என்று அவர் நினைத்தார். அந்தத் தண்ணீரை வடிகட்டி, மிஞ்சிய கசடைத் தாமே குடித்துப் பார்த்தார். அவர் கழுத்தும் வீங்கியது! தம் உடம்பையே சோதனைச் சாலை ஆக்கிய மனிதர் அவர்.

ஒரே ஓர் அறை

1918-ல் அவர் குன்னூருக்கு வந்தார். திருப்பூரில் இருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய், மலை ஏறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை.

தீட்டிய அரிசியையே நம்பி இருந்த மக்களைப் பெரி-பெரி என்ற நோய் வாட்டிய காலம் அது. கால் மரத்துப் போகும், இருதயம் பலவீனப்படும். அதைப் பற்றி ஆராய்வதே அவர் வேலை.

1923-ல் சர்க்கார் செலவைக் குறைத்தது. ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. மெக்கரிசன் மனம் தளரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வேலையைத் தொடங்கினார். 1928-ல் அந்த ஓர் அறை, உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அவரே அதன் முதல் டைரக்டர்.

எலிகளின் பந்தி

அங்கேதான் அந்தப் புதுமையான பந்தி நடந்தது.

ஒரே மாதிரியான எலிக் குஞ்சுகளைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு. இப்படியே மராட்டியர், கூர்க்கர், வங்காளிகள், கன்னடியர், சென்னை மாகாணத்தார் என்று ஒவ்வொருவர் சாப்பாடும் ஒவ்வொரு கூட்டத்துக்கு!

முதலில் வந்தது சீக்கியர் சாப்பாடு. முழுக் கோதுமை ரொட்டி, பால், மோர், வெண்ணெய், முளை கட்டிய கடலை, காய்கறி, எப்போதாவது இறைச்சி. அதைத் தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன.

கடைசியில் வந்தது எது தெரியுமா? நம் சென்னை மாகாணத்துச் சாப்பாடு! தீட்டிய அரிசிச் சோறு அதிகம். பாலும் கீரையும் மிகக் குறைவு. எலிகள் வளராமல் குன்றி நின்றன.

அரிசி விஷம் என்று இதற்குப் பொருள் அல்ல. அரிசியோடு சேர வேண்டியவை சேரவில்லை என்பதே பொருள்.

1933-ல் மெக்கரிசனுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த டாக்டர் அய்க்ராய்டு, விடுதிப் பிள்ளைகளுக்கு ஆடை நீக்கிய பால் கொடுத்துப் பார்த்தார். பால் குடித்த பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள்.

மெக்கரிசன் 1960 மே 18-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் காலமானார். அதற்கு முன்பே, 1958-ல், அவர் வளர்த்த நிலையம் ஐதராபாத்துக்குப் போய் விட்டது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

நமக்கு என்ன பாடம்?

எலும்பு ஒரு சேமிப்புக் கணக்கு. சுமார் 30 வயது வரை அதில் போடலாம். பிறகு செலவுதான். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு செலவு வேகமாக நடக்கும்.

போட வேண்டிய முக்கியமான சத்து, சுண்ணாம்புச் சத்து. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல். எள், முருங்கைக் கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு, எல்லாமே நல்லவை.

ராகிக் களியும், கம்மஞ்சோறும், மோரும் கொங்கு நாட்டின் பழைய சாப்பாடு. அதை நாம் மறந்து விட்டோம்.

சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர 'வைட்டமின் டி' வேண்டும். அதைத் தருவது வெயில். பனியன் கம்பெனிக்குள் காலையில் நுழைந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிறவர்களுக்கு வெயில் ஏது? பகல் டீ நேரத்தில் கொஞ்ச நேரமாவது கையிலும் முகத்திலும் வெயில் படும்படி வெளியே நில்லுங்கள். தினமும் நடங்கள். நடந்தால் எலும்பு உறுதிப்படும். புகையும் மதுவும் அதைக் கெடுக்கும்.

முதுகு கூன் விழுந்தாலோ, உயரம் குறைந்தாலோ, லேசாக விழுந்து எலும்பு முறிந்தாலோ டாக்டரிடம் போங்கள். ராகியும் வெயிலும் துணைதான். மருந்துக்குப் பதில் ஆகாது. குளியல் அறையில் ஈரம் தங்க விடாதீர்கள்.

அன்று எலிகளின் பந்தியில் நம் சாப்பாடு கடைசியில் நின்றது. இன்று நம் பிள்ளைகளின் பந்தியில் அதை முதலில் நிறுத்துவது, வீட்டில் பரிமாறும் கைகளில்தான் இருக்கிறது.