சூரியனை நம்பிய அறிஞர்

நிலக்கரிப் புகையே நாகரிகத்தின் அடையாளமாயிருந்த காலத்திற் சூரியனை நம்பிய ஜாக்கோமோ சாமிச்சானை நான் போற்றுகின்றேன். 1857 இல் திரியெஸ்தே நகரிற் பிறந்த அவர், 1889 முதல் இத்தாலியின் பொலோனாவில் இரசாயனப் பேராசிரியராக விளங்கினார். பவுல் சில்பருடன் கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் வைத்துப் பொறுமையோடு காத்திருந்தார். 1900 இல், அற்ககோலிற் கரைந்த பென்சோபீனோன் ஒளிபட்டுப் புதிய பளிங்காவதைக் கண்டார். ஒளியேற்ற மூலக்கூறு ஐதரசனைப் பறித்துச் சுயாதீன மூலிகமாகிறது. இத்தகைய மூலிகங்கள் இரண்டிரண்டாய் இணைகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. 1912 இல் நியூயோர்க்கில், நிலக்கரி தீர்ந்துவிடும், சூரியவொளியே துணை என எடுத்துரைத்தார். நோபெற் பரிசு கிட்டாமலே 1922 இல் மறைந்தார். இன்று ஒளியில் உறையும் அச்சுமைகளிலே பல்பகுதியச் சங்கிலிகளைத் தொடக்கிவைக்கும் பொருள்களுள் அதே பென்சோபீனோனும் ஒன்று. அவர் கண்டதை ஏற்ற உலகம், அவர் எச்சரித்ததை முழுமையாக ஏற்கவில்லையே என்பதுதான் என் கவலை.