இருட்டிலும் படம் எடுக்க வழி கண்டவர்: லுட்விக் பெர்ட்டலே

காமிரா லென்ஸின் முகப்பு வளையத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். லென்ஸின் பெயர் இருக்கும். வரிசை எண்கூட இருக்கும். அந்த லென்ஸுக்குக் கணக்குப் போட்டு உருவம் கொடுத்தவரின் பெயர் மட்டும் இருக்காது. குறிப்பு எழுதுவது குமாஸ்தா, கையெழுத்து அதிகாரியுடையது என்பது ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனாலும் காமிராவில் ஈடுபாடு கொண்டவர்கள் உலகெங்கும் ஒரு பெயரை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அது ஜெர்மானியரான லுட்விக் பெர்ட்டலேயின் பெயர். பழைய ரேஞ்ச்பைண்டர் காமிராவுக்கு வேகமான லென்ஸ் தேடி அலைபவர்கள் இன்றும் முதலில் விசாரிப்பது அவருடைய "ஸோன்னார்" லென்ஸையும், அதைப் பார்த்து ரஷ்யாவிலும் ஜப்பானிலும் செய்த லென்ஸ்களையும்தான்.

சிறு வயதில் கணக்கு வேலை

பெர்ட்டலே 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று மியூனிக் நகரில் பிறந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ல், அந்த ஊரிலிருந்த ரோடன்ஸ்டாக் லென்ஸ் கம்பெனியில் கணக்குப் போடும் உதவியாளராகச் சேர்ந்தார். மீசை அரும்பும் வயது. கல்லூரிப் படிப்பு இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல. பல கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு குழாயில் வைத்தது. ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வளையும். எவ்வளவு வளைகிறது என்று முக்கோணவியல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கதிருக்குப் போட்டால் போதாது. நடுவில் வரும் கதிர், ஓரத்தில் வரும் கதிர், சிவப்பு, நீலம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பள்ளிக்கூடத்தில் லாகரிதம் அட்டவணை புரட்டியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு படத்தின் ஓரம் மங்குகிறது என்று தெரிந்தால், ஒரு கண்ணாடியின் வளைவைச் சிறிது மாற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1919-ல் பெர்ட்டலே சொந்த ஊரை விட்டு டிரெஸ்டன் நகருக்குப் போனார். அங்கே எர்னமான் கம்பெனியில் வேலை கிடைத்தது. சினிமாப் படம் காட்டும் இயந்திரங்களுக்கும் காமிராக்களுக்கும் பேர்போன கம்பெனி அது.

தொப்பிக்குள் காமிரா

லென்ஸின் வேகம் என்பது அது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதுதான். 10 சென்டிமீட்டர் குவிய தூரம் உள்ள லென்ஸின் துவாரம் 5 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதை எஃப் 2 என்பார்கள். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். அந்நாளில் பெரும்பாலான காமிராக்களில் இருந்தது எஃப் 4.5, எஃப் 6.3 போன்ற லென்ஸ்கள்தான். துவாரத்தைப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். வீட்டுக்குள்ளோ இரவிலோ படம் எடுக்க வேண்டுமானால் மக்னீசியம் பொடியைக் கொளுத்த வேண்டும். புகை மண்டும். படம் எடுத்துக்கொள்பவர் கண்ணை மூடிவிடுவார்.

1923-ல் பெர்ட்டலே எஃப் 2 வேகத்தில் "எர்னோஸ்டார்" லென்ஸை உருவாக்கினார். எஃப் 4.5 லென்ஸைவிட அது ஐந்து மடங்கு வெளிச்சத்தை வாங்கியது. அப்போது அவருக்கு வயது 23-கூட நிறையவில்லை. இந்த லென்ஸைப் பொருத்திய எர்மனாக்ஸ் காமிரா 1924-ல் விற்பனைக்கு வந்தது. லென்ஸ் பெரியது, காமிரா சிறியது. பார்த்தால் புனலுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அடுத்து எஃப் 1.8 லென்ஸும் வந்தது.

இந்தக் காமிராவுக்குப் புகழ் தேடிக் கொடுத்தவர் எரிக் சாலமன். அவர் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பெர்லின்காரர். 1928-ல் படம் எடுக்கத் தடை செய்யப்பட்டிருந்த பெர்லின் கோர்ட்டுக்குள் எர்மனாக்ஸை மறைத்து எடுத்துப் போய், கொலை வழக்கு விசாரணையைப் படம் பிடித்துவிட்டார். கைப்பெட்டியிலும் தொப்பியிலும் ஓட்டை போட்டு லென்ஸை ஒளித்துவைப்பது அவர் வழக்கம். நடுராத்திரியில் மந்திரிகள் கூடிப் பேசும் அறைகளிலும் அவர் இருந்தார். பிளாஷ் வெளிச்சம் இல்லாததால், படம் எடுத்ததே பலருக்குத் தெரியாது. தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் சோபாவில் சாய்ந்து களைத்திருப்பதையும் ஜனங்கள் முதல் தடவையாகப் பத்திரிகையில் பார்த்தார்கள். சாலமன் யூதர். ஹிட்லர் ஆட்சி வந்ததும் ஹாலந்துக்குப் போனார். போரின்போது அங்கும் பிடிபட்டு, 1944-ல் மனைவியோடும் ஒரு மகனோடும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

ஆறு பரப்பு, பத்துப் பரப்பு

1926-ல் எர்னமானும் வேறு மூன்று கம்பெனிகளும் இணைந்து ஸைஸ் ஐகான் என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. பெர்ட்டலே டிரெஸ்டனிலேயே வேலையைத் தொடர்ந்தார். லைக்கா என்ற சிறிய காமிரா சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதற்குப் போட்டியாக ஸைஸ் ஐகான் 1932-ல் காண்டாக்ஸ் காமிராவைக் கொண்டுவந்தது. இவை ரேஞ்ச்பைண்டர் வகை. சிறு ஜன்னலில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கினால் தூரம் சரியாகிவிடும். அரையிருட்டிலும் வேலை செய்யும்.

காண்டாக்ஸுக்காக பெர்ட்டலே செய்ததுதான் ஸோன்னார். முதலில் எஃப் 2, உடனே எஃப் 1.5. இதில்தான் அவருடைய முழுத் திறமையும் தெரிகிறது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். போவதோடு நிற்காமல் உள்ளுக்குள் அலைந்து படத்தின் மேல் வெள்ளைப் புகை படிந்தாற்போல் செய்துவிடும். இதைத் தடுக்கும் மேல்பூச்சு அப்போது கிடையாது. பெர்ட்டலே கண்ணாடிகளுக்கு நடுவிலிருந்த காற்றிடத்தையே வேறொரு கண்ணாடியால் நிரப்பினார். மூன்று மூன்று துண்டுகளைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார். எஃப் 1.5 லென்ஸில் மொத்தம் ஏழு கண்ணாடி. காற்றைத் தொடும் பரப்போ ஆறுதான். லைக்காவுக்கு எஃப் 1.5 லென்ஸ் 1936-ல்தான் வந்தது. அதிலும் ஏழு கண்ணாடிதான், ஆனால் காற்றுப் பரப்பு பத்து. ஓட்டல் மாடியிலோ நாடகக் கொட்டகையிலோ எதிரே விளக்கு இருக்கும்போது எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரிந்தது.

அவருடைய 18 சென்டிமீட்டர் ஸோன்னார் 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி வந்ததால் அதற்கு ஒலிம்பியா ஸோன்னார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாடு மாறிய லென்ஸ்

1942-ல் பெர்ட்டலே டிரெஸ்டனை விட்டு மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் கம்பெனிக்கு மாறினார். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டு வீச்சில் எரிந்தது. போர் முடிந்ததும் காண்டாக்ஸ் செய்யும் கருவிகளை ரஷ்யர்கள் நஷ்ட ஈடாக எடுத்துக்கொண்டார்கள். காமிரா, கீவ் நகரில் கீவ் என்ற பெயரிலேயே வெளிவந்தது. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஸோன்னார், "ஜூபிடர்" ஆயிற்று. எஃப் 1.5 லென்ஸ் ஜூபிடர்-3. எஃப் 2 லென்ஸ் ஜூபிடர்-8.

ஜெர்மன் உரிமைகள் போரோடு போனதால் ஜப்பானியரும் ஸோன்னார் முறையைத் தயக்கமின்றிக் கையாண்டார்கள். 1950-ல் "லைஃப்" பத்திரிகையின் அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிகி என்ற இளைஞர் மங்கலான வெளிச்சத்தில் அவரைப் படம் எடுத்தார். லென்ஸ் எஃப் 2 வேகமுள்ள 85 மில்லிமீட்டர் நிக்கார். அதுவும் ஸோன்னார் வழி வந்ததுதான். படத்தின் துல்லியத்தைப் பார்த்த டங்கன் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்து, தம்முடைய லைக்கா காமிராவுக்கு நிக்கார் லென்ஸ்களை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த மாதமே கொரியப் போர் மூண்டது. அந்த லென்ஸ்களோடுதான் அவர் போர்முனைக்குப் போனார். நிக்கார் பெயர் அமெரிக்காவில் பரவியது.

ஒரு காமிராவின் லென்ஸை இன்னொன்றில் மாட்டுவது திருகாணி மாற்றுவது போல் எளிதல்ல. லைக்கா லென்ஸுக்கு 39 மில்லிமீட்டர் மரை. தூரம் பார்க்கும் திருகும் லென்ஸிலேயே இருக்கும். காண்டாக்ஸின் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சொந்தத் திருகு கிடையாது. அது காமிராவில் இருக்கிறது. ஆகவே இடையில் வைக்கும் அடாப்டரில் அந்தத் திருகையும், லைக்காவின் ரேஞ்ச்பைண்டரைத் தள்ளும் வளையத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதோடு, 50 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் லைக்காவின் கணக்கு 51.6. காண்டாக்ஸின் கணக்கு அதைவிட முக்கால் மில்லிமீட்டர் கூடுதல். தூரத்தில் தெரியாது. கிட்டத்தில் ஒரு முகத்தை முழுத் துவாரத்தில் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். ரஷ்ய ஜூபிடரை லைக்காவில் போட்டாலும் இதே தொல்லைதான். விஷயம் தெரிந்த மெக்கானிக் மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்வார்.

விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் டார்ச் விளக்கை லென்ஸின் பின்னாலிருந்து அடித்துப் பார்ப்பது நல்லது. பூஞ்சை, புகை மூட்டம், பிசின் விட்டுப்போய் ஓரத்தில் தெரியும் வானவில் நிறம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் லைக்கா மரை வைத்த உண்மையான ஸோன்னார்கள் கொஞ்சம்தான் செய்யப்பட்டன. சந்தையில் அந்தப் பெயரில் வருவனவற்றில் பல, ஜூபிடரின் வளையத்தைச் சுரண்டிவிட்டு ஸைஸ் பெயரைப் பொறித்தவை. கணக்குப் போட்டவருக்கு வளையத்தில் இடமில்லை, போலிக்கு இடமிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில்

போருக்குப் பிறகு பெர்ட்டலே சுவிட்சர்லாந்தின் வில்ட் ஹேர்புருக் கம்பெனிக்கு வேலை செய்தார். விமானத்திலிருந்து நிலத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் காமிராக்களுக்கு அவர் கணக்கிட்ட அவியோகான் லென்ஸ் 1950-களின் தொடக்கத்தில் வந்தது. கோடு வளையாமல், அகன்ற பரப்பை அப்படியே காட்டும் லென்ஸ் அது. அதே காலத்தில் ஸைஸுக்காக அவர் செய்த 21 மில்லிமீட்டர் பயோகான் 1954-ல் காண்டாக்ஸுக்கு வந்தது. அதன் பின் கண்ணாடி பிலிமைத் தொட்டுவிடும் போல் நிற்கும். கண்ணாடி மேலே எழும் பிற்காலக் காமிராக்களில், அந்தக் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தாமல் அதை வைக்க முடியாது.

பட்டம் பெறாத அவருக்குச் சூரிச்சில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அவர் நாட்கணக்கில் போட்ட கதிர்க் கணக்கை அது நொடியில் போடத் தொடங்கியது. மேல்பூச்சும் வந்துவிட்டதால் ஆறு பரப்பு, பத்துப் பரப்பு என்ற கவலையும் தீர்ந்தது. புதிய லென்ஸ்கள் வேறு வழியில் போயின.

1985-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி லுட்விக் பெர்ட்டலே சுவிட்சர்லாந்தில் காலமானார். 2006-ல் ஸைஸ் நிறுவனம் லைக்கா வகைக் காமிராக்களுக்காக எஃப் 1.5 ஸோன்னாரைப் புதிதாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்து கொடுத்தது ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை.