கையாற் கண்ட ஆடல்

ஆடற்கலை கண்ணுக்கும் செவிக்குமே உரியது என்பது நம்மவருட் பலர் கருத்து. அக்கருத்தை மாற்றவல்ல வரலாறொன்றை யான் மாணாக்கருக்கு அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. அது ஹெலன் கெலர் அம்மையாரின் வரலாறு.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்திலே 1880 ஆம் ஆண்டு ஆனி 27 இற் பிறந்த அவர், பத்தொன்பதாம் மாதத்தில் உற்ற நோயாற் பார்வையும் கேள்வியும் இழந்தார். ஏழு வயது நிரம்புமுன், 1887 இல், ஆன் சலிவன் என்னும் ஆசிரியை வந்து சேர்ந்தார். பிள்ளையின் ஒரு கையில் நீர் விழ, மறு கையில் அதன் பெயரை விரலால் எழுத்துக் கூட்டினார். அன்று தொட்டுக் கையே கண்ணும் செவியும் ஆயிற்று. 1904 இல் றட்கிளிவ் கல்லூரியிற் பட்டமும் பெற்றார்.

பிற்காலத்தில் அவர் நியூயோர்க்கில் மார்த்தா கிறஹாம் என்னும் ஆடலாசிரியையின் கூடத்துக்குச் சென்றார். ஆடுவோர் காலடிகளைத் தரையின் அதிர்வால் உணர்ந்தார். துள்ளிப் பாய்தல் எத்தகையது என அறிய விரும்பினார். மேர்ஸ் கனிங்ஹாம் என்னும் இளைஞரின் இடையில் அம்மையாரின் கைகளைப் பொருத்தினார் கிறஹாம். இளைஞர் துள்ளினார், கைகளும் உடனெழுந்து தாழ்ந்தன. அம்மையாரின் முகம் மலர்ந்தது. 1954 இல் வெளிவந்த அவர் வாழ்க்கைப் படத்திலும் அவ்வாடற்கூடத்தைக் காணலாம். 1968 இல் அவர் மறைந்தார்.

நம் பள்ளி விழாக்களிலே ஏனையோர் ஆட, பார்வையற்ற பிள்ளையும் கால் வலுவற்ற பிள்ளையும் ஓரத்தில் இருத்தப்படுதலை யான் பலகாற் கண்டுளேன். அவர்க்கு நம் இரக்கம் மட்டும் போதாது. சலிவனும் கிறஹாமும் மாணவியை ஒதுக்கினாரல்லர். கற்பிக்கும் வழியையே மாற்றினர். ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கதும் அதுவே.