பெயரை மறைத்தார், பைக்கை மறைக்கவில்லை: ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வும் 7 பிரஃப் சுப்பீரியர்களும்

புல்லட் ஓட்டுபவர் ஒரு ரகம், ஹார்லி வைத்திருப்பவர் ஒரு ரகம், பிஎம்டபிள்யூவில் லடாக் கிளம்புபவர் இன்னொரு ரகம். பைக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று லாங் ரைடு போகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். இந்தக் கணக்கு நூறு வருஷப் பழசு. ஆனால், அதில் அடங்காத ஒருத்தர் இருந்தார். அவர்தான் டி.இ.லாரன்ஸ்.

யார் இவர்?

1888-ல் வேல்ஸில் பிறந்தவர் தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ். முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தார். 1917-ல் அகபா துறைமுகம் பிடிபட்டதில் இவருக்கும் பங்கு உண்டு. போர் முடிந்ததும் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகமே கொண்டாடியது. அவருக்கோ அந்தப் புகழே பாரமாகிப் போனது.

1922-ல் ‘ஜான் ஹியூம் ராஸ்’ என்ற பொய்ப் பெயரில், பிரிட்டிஷ் விமானப் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். கர்னலாக இருந்தவர் அடிமட்ட வேலைக்கு வந்தார். சில மாதங்களிலேயே பத்திரிகைகள் மோப்பம் பிடித்துவிட, வெளியேற்றப்பட்டார். 1923-ல் ‘ஷா’ என்ற பெயரில் டாங்கிப் படைக்குப் போனார். 1925-ல்தான் விமானப் படைக்குத் திரும்ப முடிந்தது.

அன்று எந்த பைக், யாருக்கு?

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் இண்டியனும் போட்டி போட்டன. நீண்டு கிடக்கும் சாலைகளுக்கு ஏற்ற பெரிய வி-ட்வின் இன்ஜின்கள் அவற்றின் அடையாளம். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 1923-ல் ஆர்32 பைக்கைக் கொண்டுவந்தது. செயினுக்குப் பதில் ஷாஃப்ட், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள். நின்றுபோகாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கான வண்டி அது. பிரிட்டனில் ட்ரையம்ப், பிஎஸ்ஏ போன்றவை தினசரி வேலைக்குப் போகிறவர்களின் தேர்வு. சைடுகார் மாட்டினால் குடும்பமே போகலாம். பின்னாளில் சென்னைக்கு வந்த ராயல் என்ஃபீல்டும் அப்போது இங்கிலாந்தின் ரெடிச் ஊர்த் தயாரிப்புதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே தனியாக நின்றது, நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் தொடங்கிய பிரஃப் சுப்பீரியர். ‘மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ்’ என்று பெயர் வாங்கிய பிராண்ட். இன்ஜினை வெளியில் வாங்கி, தேர்ந்தெடுத்த பாகங்களுடன் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். 1924-ல் வந்த எஸ்எஸ்100 மாடல் மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. வேகம் தொடும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்தது. சுமார் 20 வருஷத்தில் தயாரானவை மொத்தம் 3,000 சொச்சம்தான். வாங்கியவர்கள் பெரும்பாலும் கையில் காசு புரளும் வேகப் பிரியர்கள்.

சிப்பாய்க்கு எதற்கு இந்த வண்டி?

இங்கேதான் லாரன்ஸ் கணக்கை மாற்றுகிறார். யாரும் அடையாளம் காணக்கூடாது என்று ஒளிந்தவர், தெருவே திரும்பிப் பார்க்கும் பைக்கில்தான் சுற்றினார். 1922-ல் வாங்கத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் வண்டிகளை ஓட்டினார். 1926-க்குள் ஐந்து வண்டிகளில் ஒரு லட்சம் மைல் கடந்துவிட்டதாக ஜார்ஜ் பிரஃபுக்கே கடிதம் எழுதினார். சுமார் 1.6 லட்சம் கி.மீ.! பைக்குக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘பொவனெர்கேஸ்’. பைபிளில் வரும் ‘இடிமுழக்கத்தின் மக்கள்’ என்பது அதன் பொருள்.

முகாமில் கட்டளைக்குக் கீழ்ப்படியும் சிப்பாய். சாலையில் தன் இஷ்டத்துக்குப் பறக்கும் மனிதர். கிரான்வெல் முகாமில் இருந்தபோது ஒரு விமானத்தோடு ரேஸ் விட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தஸ்தைக் காட்ட மற்றவர்கள் வாங்கிய வண்டி, இவருக்குத் தன்னை மறக்கும் வழியாக இருந்தது.

1927-ல் கராச்சிக்கு மாற்றல். பிறகு ஆப்கன் எல்லையோரம் மிரான்ஷா. அங்கேயும் புகழ் துரத்தியது. ஆப்கன் கலகத்துக்குப் பின்னால் இவர்தான் உளவாளி என்று வதந்தி கிளம்ப, 1929 ஜனவரியில் அவசரமாக இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார். அதன்பின் விமானப் படையின் அதிவேக மீட்புப் படகுகளை உருவாக்கும் பணியில் இறங்கினார்.

அந்தக் கடைசிப் பயணம்

1935-ன் தொடக்கத்தில் பணியை விட்டு, டார்செட்டில் உள்ள கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீட்டுக்கு வந்தார். மே 13 அன்று பக்கத்து போவிங்டன் முகாமுக்குப் போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டு எஸ்எஸ்100-ல் திரும்பினார். மேடு பள்ளமான சாலை. எதிர்பாராமல் முன்னால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்களைத் தவிர்க்கத் திரும்பியவர் தூக்கி வீசப்பட்டார். தலையில் பலத்த அடி. ஹெல்மெட் இல்லை, அன்று அது சாதாரண ரைடர்களிடம் பழக்கத்திலும் இல்லை. நினைவு திரும்பாமலே மே 19-ல் இறந்தார். வயது 46. எட்டாவது பிரஃபுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

பிறகு என்ன ஆனது?

அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் அறுவை நிபுணர். தடுத்திருக்கக்கூடிய இந்தச் சாவு அவரை உறுத்தியது. பைக் விபத்துகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. எல்லா ரைடர்களுக்கும் அங்கே சட்டம் வர 1973 ஆகிவிட்டது; அதைப் பார்க்க கெய்ன்ஸ் இல்லை.

நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் பைக் தயாரிப்பு 1940-ல் போரோடு நின்றுபோனது. எந்த பிராண்ட் ஒசத்தி என்ற சண்டை மட்டும் இன்றும் ஓயவில்லை. ஆனால் புல்லட்டோ, ஹார்லியோ, பிஎம்டபிள்யூவோ, கிளம்பும் முன் ரைடர் மாட்டும் ஹெல்மெட்டில் லாரன்ஸின் கதையும் கொஞ்சம் இருக்கிறது.