சித்திரக்காரர் நைன்சுக்

நமது சரித்திர நூல்கள் அரசர்களின் பெயரை வரிசை பிறழாமல் உரைக்கும். அவ்வரசர்களின் முகத்தை நமக்குக் காட்டியவர் யாரென்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். நைன்சுக் என்னும் சித்திரக்காரரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள குலேரில், சுமார் 1710-ஆம் ஆண்டில், தச்சர் குலத்தில் அவர் பிறந்தார். தந்தை பண்டித சேவுவும் தமையனார் மானக்குவும் சித்திர வித்தையில் வல்லவர்கள். நைன்சுக் குலேரை விட்டு ஜஸ்ரோட்டா சென்று, அந்த ராஜ வம்சத்தைச் சேர்ந்த பல்வந்த் சிங்கின் ஆதரவில் பல்லாண்டு பணிபுரிந்தார். யஜமானரை அவர் தேவராக்கித் தீட்டினாரில்லை. தாடி திருத்திக்கொள்பவராகவும், கூடாரத்தில் கடிதம் எழுதுபவராகவும், குளிருக்குப் போர்வை போர்த்து நெருப்பண்டை ஒடுங்கியவராகவும், மனிதராகவே தீட்டினார்.

1763-இல் பல்வந்த் சிங் காலமானார். அவரது அஸ்தியுடன் ஹரித்துவாரம் சென்ற நைன்சுக், அங்குள்ள பண்டாவின் ஏட்டில் தம் ஊரையும் வம்சத்தையும் எழுதி, சிறு சித்திரமொன்றும் வரைந்து வைத்தார். பின்னர் பசோலி அரசர் அம்ரித் பாலிடம் பணியாற்றி, 1778-இல் மறைந்தார்.

அதன்பின் அவர் பெயரும் மறைந்தது. அவர் கையொப்பமிட்ட படங்கள் மிகச் சில. 1916-இல் டாக்டர் ஆனந்த குமாரசாமி எழுதிய நூல் மலைநாட்டுச் சித்திரங்களின் பெருமையை உலகறியச் செய்தது. ஆயினும் அவற்றை ஜம்மு, காங்க்ரா எனப் பிரதேசப் பெயராலேயே வகுத்தது. சமஸ்தானத்தின் பெயரால் படங்களைப் பிரித்தால், மூன்று சமஸ்தானங்களில் தீட்டிய ஒருவரின் கை மூன்றாகச் சிதறிவிடுமன்றோ? 1968-இல் அறிஞர் பி. என். கோஸ்வாமி, யாத்திரை ஸ்தலங்களின் ஏடுகளை ஆராய்ந்து, சித்திரக்காரர்களின் குடும்பங்களைக் கண்டறிந்தார். அரசவை மாறினும் குடும்பத்தின் கைவழக்கம் தொடர்ந்ததென்று அவர் நிலைநாட்டிய பின்னரே நைன்சுக்குக்கு உரிய இடம் கிடைத்தது.

திறமைக் குறைவால் மறக்கப்பட்டவரல்லர் அவர். சிம்மாசனத்தை மட்டும் நோக்கிய கண்களுக்கு அதனருகே தூரிகை பிடித்திருந்தவர் புலப்படவில்லை, அவ்வளவே. அவர் பெயரோ, நம்மவர் தலைமுறை தலைமுறையாய்க் காத்த ஏட்டிலேயே இருந்தது. கலைகளைத் தேசத்தின் செல்வமென்று மேடைதோறும் முழங்கும் நாம், அச்செல்வத்தைப் படைத்த கைகள் யாருடையவை என்பதையும் கேட்டறிந்து எழுதிவைத்தல் வேண்டும். உழைத்தவன் பெயரை விட்டெழுதும் சரித்திரம் தேசத்தின் சரித்திரமாகாது.