நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

இறைவனை நாத வடிவினனாகக் கண்டு வழிபடுவது சைவ மரபு. ஆதலின் ஆலயத்தில் நிகழும் எந்தப் பூசையும் இசையின்றி நிறைவு பெறுவதில்லை. திருப்பள்ளியெழுச்சி முதல் பள்ளியறைப் பூசை வரை அந்தந்த வேளைக்கு உரிய இராகங்களை நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. ஆயினும் திருவிழாக் கூட்டத்தில் மேளச் சத்தத்தைக் கேட்போர் பலர். அச்சத்தத்தினுள் இருக்கும் சங்கீதத்தைக் கேட்போர் சிலர். சாஸ்திரிய இசை கற்றறிந்தவர்க்கே உரியது என்றும், சொல் இல்லாத வாத்திய இசை சாதாரண மக்களுக்கு எட்டாதது என்றும் ஓர் எண்ணம் பரவலாக நிலவுகின்றது.

இவ்வெண்ணம் தவறானது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்தே மெய்ப்பித்தவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. அரண்மனையில் அமர்ந்திருந்த அரசரும், வயலில் உழைத்துவிட்டு வீதியோரம் வந்து நின்ற உழவரும் ஒருசேரக் கேட்டு மகிழ்ந்த இசை அவருடையது.

பிறப்பும் வளர்ப்பும்

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் இராஜரத்தினம் பிள்ளை பிறந்தார். தந்தையார் குப்புசாமி பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்பதாகும். பாம்பு தீண்டி மாண்ட வணிகனைத் திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடி எழுப்பிய திருத்தலம் அவ்வூர். இசைக்கு உயிர் தரும் ஆற்றல் உண்டு என்பதற்குச் சான்றாக விளங்கும் மண்ணில் அவர் பிறந்தது பொருத்தமே.

தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை சிறந்த நாதஸ்வர வித்துவான். அவர் மருகனைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். டி. என். என்னும் முன்னெழுத்துகள் திருமருகல் நடேசன் என்னும் அம்மாமனின் பெயரையே குறிப்பன. காலப்போக்கில் இராஜரத்தினம் என்ற பெயரே உலகறிந்த பெயராக நிலைத்தது.

நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். திருமூலர் யோகத்தில் அமர்ந்து திருமந்திரம் அருளிய தலம் திருவாவடுதுறை. அங்குள்ள ஆதீனம் தமிழையும் சைவத்தையும் இசையையும் ஒருங்கே பேணி வளர்த்த திருமடம். அத்திருமடத்தின் நிழலில் வளரும் பேறு சிறுவனுக்கு வாய்த்தது. பின்னாளில் அவரும் அதே ஆதீனத்தின் வித்துவானாகி, ஊரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

குரலில் தொடங்கிய பயிற்சி

அவருடைய இசைக் கல்வி நாதஸ்வரத்தில் தொடங்கவில்லை. புகழ்பெற்ற பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றார். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை போன்ற பெரியோரிடம் நாதஸ்வரம் கற்றார். பிற்காலத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் அது வாத்தியமா, மனிதக் குரலா என மயங்கியதற்கு இந்த அடிப்படையே காரணம். பாட்டின் சொல் எங்கே நிற்கும், எங்கே இழையும் என்பதை உணர்ந்த ஒருவர் வாசித்ததால், அவருடைய குழலில் கீர்த்தனைகள் பாடுவது போலவே ஒலித்தன.

வீதியே இசைப்பள்ளி

தஞ்சை மண்ணில் அக்காலத்துத் திருவிழா இரவு என்பது ஒரு நீண்ட இசை விருந்து. சுவாமி வாகனத்தில் எழுந்தருளியதும் கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. தாளக்கட்டும் நாதமும் மட்டுமே உண்டு. இறைவன் புறப்பட்டுவிட்டான் என்பதை ஊருக்கு அறிவிக்கும் இசை அது. பின்னர் வீதியுலா செல்லுகையில் இராக ஆலாபனை விரியும். வீதி முனைகளில் வாகனம் நிற்க, நாதஸ்வர வித்துவான் ஒரே இராகத்தை நெடுநேரம் வாசிப்பார். அவர் ஓயும் இடத்தில் தவில்கள் பேசும். உலா முடிந்து திரும்பும்போது எச்சரிக்கை, ஊஞ்சல், லாலி என ஒவ்வொரு சடங்குக்கும் உரிய இசை தொடரும். இறுதியில் நீலாம்பரி போன்ற இராகத்தில் தாலாட்டி இறைவனைத் துயில்கொள்ளச் செய்வர்.

இவ்விரவுகளுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. கேட்பதற்குத் தகுதி எதுவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு, எழுத்தறியாத மக்களும் இது கல்யாணி, இது காம்போதி, இது கரகரப்பிரியா என இனங்காணும் வல்லமை பெற்றனர். பெயர் தெரியாதவர்களும்கூட வாசிப்பில் சற்றுப் பிசகு நேர்ந்தால் உணர்ந்துகொண்டனர். இசை ரசனை பாடநூலால் வருவதன்று. பழக்கத்தால் வருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தகைய வீதிகளில்தான் இராஜரத்தினம் பிள்ளை கோலோச்சினார். எளிய மக்களுக்கென்று இசையின் தரத்தை அவர் தாழ்த்தவில்லை. வித்துவான்கள் நிறைந்த சபையில் எதை வாசித்தாரோ அதையே தேரடியிலும் வாசித்தார். உயர்ந்ததையே இடைவிடாது கேட்ட செவிகள் தாமும் உயர்ந்தன. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் உடன் வாசித்த நாள்களில், வண்டி கட்டிக்கொண்டு பல கல் தொலைவிலிருந்து மக்கள் திரண்டு வந்தனர்.

தோடி என்றால் இராஜரத்தினம்

எல்லா இராகங்களிலும் அவர் வல்லவரே. எனினும் தோடி என்றதும் அவர் பெயரே நினைவுக்கு வரும். மேளகர்த்தா வரிசையில் எட்டாவதாக அமைந்த தோடி எளிதில் வசப்படாத இராகம். அதன் சுவரங்கள் அசைவோடு ஒலித்தால் மட்டுமே இராகத்தின் உருவம் வெளிப்படும். நேராக ஊதினால் தோடி பிறக்காது. நாதஸ்வரத்தில் அந்த அசைவை, விரலால் துளையைப் பாதி மூடியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும், உதட்டால் சீவாளியை அழுத்தியும் உண்டாக்க வேண்டும். மூன்றும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபட்டால்தான் கமகம் சுத்தமாக வரும்.

பிள்ளையவர்கள் தோடியை மணிக்கணக்கில் வாசித்தார். வந்த பிடியே மீண்டும் வந்ததெனக் கேட்டவர் சலித்ததில்லை. அவர் வாசித்த தோடி கிராமபோன் இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே இடம்பெறக்கூடிய அத்தட்டில், ஓர் இரவு முழுவதும் விரியும் இராகத்தின் சாரத்தை அவர் வடித்துக் கொடுத்தார். சபைக்கும் திருவிழாவுக்கும் செல்ல இயலாதோர் இல்லத்திலும் அதனால் நாதஸ்வரம் ஒலித்தது. வானொலியும் அவ்வாறே அவர் இசையைத் தொலைதூரம் கொண்டு சென்றது.

அவருடைய வாசிப்பு வாய்ப்பாட்டுக் கலைஞர்களுக்கும் வழிகாட்டியது. ஜி. என். பாலசுப்பிரமணியம் தம் பாட்டில் மின்னலெனப் பாயும் பிருகாக்களை நாதஸ்வர வாசிப்பிலிருந்து, சிறப்பாக இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பிலிருந்து, உள்வாங்கிக்கொண்டவர். குரலைப் பின்பற்றி வாத்தியம் வாசித்த ஒருவரை, பின்னர் குரலே பின்பற்றியது.

கருவியில் கண்ட செம்மை

முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாதஸ்வரம். அது குட்டையானது, நான்கு, ஐந்து கட்டை சுருதியில் உரத்து ஒலிப்பது. திறந்த வெளிக்கு ஏற்றதாயினும், நுட்பமான வாசிப்புக்கும் அரங்கிற்கும் அதன் ஒலி கடுமையாக இருந்தது. நீண்ட வடிவும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாதஸ்வரத்தை இராஜரத்தினம் பிள்ளை கையாண்டு நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்கு அக்கருவியைச் செம்மையாக வடித்துத் தந்தார். பழைய கருவியில் சுத்த மத்தியமம் இயல்பாகச் சுருதி சேர்வதில்லை. புதிய கருவியில் அக்குறை நீங்கியது. சுத்த மத்தியமம் இடம்பெறும் தோடி முதலான இராகங்களுக்கு இது எத்துணைப் பெரிய வரம் என்பதை இசையறிந்தோர் உணர்வர்.

இன்றும் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்யும் தொழில் நடைபெறுகின்றது. நெடுங்காலம் முதிர்ந்த ஆச்சா மரமே அதற்கு உகந்தது என்பதால், பழைய வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குவர். அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

சுருதிக்கு ஒத்து ஊதும் பழைய வழக்கத்துக்கு மாற்றாகத் தம்புராவை உடன் வைத்துக்கொண்டு அவர் கச்சேரி செய்ததும் ஒரு புதுமையே. ஓயாது மீட்டப்படும் தம்புராவின் மெல்லொலியில் நாதஸ்வரத்தின் நயங்கள் தெளிவாகக் கேட்டன.

கலைஞனின் மதிப்பு

பெரிய மேளம் வாசித்த இசை வேளாளர் மரபினர் அக்காலத்தில் பட்ட இழிவுகள் பல. செல்வந்தர் முன்னிலையில் அவர்கள் சட்டை அணியலாகாது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரமாயினும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடையும் விரிப்பும் கிடைக்க, நாதஸ்வர வித்துவானுக்குப் பந்தலின் ஓரமே கிடைத்தது.

இராஜரத்தினம் பிள்ளை இதற்கு உடன்படவில்லை. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டையும் ஷெர்வானியும் அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்பதில் உறுதியாக நின்றார். அதனைச் செருக்கு என்று பழித்தவர் உண்டு. ஆனால் அவர் கேட்டது தமக்கான சலுகை மட்டுமன்று. இறைவனின் முன்னே செல்லும் கருவிக்கு உரிய இடத்தையே அவர் கேட்டார். அவருக்குப் பின் வந்த நாதஸ்வரக் கலைஞர் அனைவரும் மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமை பெற்றதில் அவருடைய பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

புகழும் மறைவும்

1940ஆம் ஆண்டு வெளிவந்த ‘காளமேகம்’ திரைப்படத்தில், எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில், அவர் கவி காளமேகமாக நடித்தார். பாரத நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோல் வழங்க டில்லி சென்ற குழுவினருடன் அவரும் சென்று மங்கல இசை முழங்கினார். 1955ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியின் விருது அவரை வந்தடைந்தது. மக்கள் சூட்டிய நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்னும் பட்டமோ எல்லாவற்றினும் மேலாக நிலைத்தது.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. நேரக் கட்டுப்பாட்டுக்குள் அடங்காத இயல்பினர்; கைக்கு வந்த பொருளைச் சேர்த்து வைக்கத் தெரியாதவர். மன்னர்க்கு ஒப்ப வாழ்ந்த அவர் பெருஞ்செல்வம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 58.

அவர் விட்டுச் சென்ற செல்வம் வேறு. அவருடைய சீடர்களுள் தலைசிறந்தவரான காருகுறிச்சி அருணாசலம் அவ்வாசிப்பு முறையைத் தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்காத தமிழர் இலர். அந்த இனிமையின் ஊற்று திருவாவடுதுறையில் இருந்தது.

கேட்கும் செவி வேண்டும்

இன்று பல ஆலயங்களில் பதிவு செய்த மேளத்தை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யும் வழக்கம் பெருகி வருகின்றது. நேரில் வாசிக்கும் இடத்திலும் கேட்பார் இன்றிக் கலைஞர்கள் வாசிக்கின்றனர். கேட்பவர் இல்லாத கலை நாளடைவில் தேயும். இராஜரத்தினம் பிள்ளை என்னும் மேதையை உருவாக்கியதில் குருமார்களுக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு விடிய விடிய நின்று கேட்ட வீதி மக்களுக்கும் உண்டு.

அத்தகைய ரசனையை வளர்ப்பது அரிதன்று. சுவாமி புறப்படும்போது மல்லாரியைத் தனித்து அறிந்துகொள்வது முதற்படி. தெரிந்த தேவாரத்தையோ திருப்புகழையோ நாதஸ்வரத்தில் கேட்டு, மனத்துள் சொல்லைப் பொருத்திப் பார்ப்பது அடுத்த படி. அப்பாட்டின் இராகத்தையே வேறொரு பாட்டில் இனங்காண்பது மூன்றாம் படி. அதன் பின் சொல்லே இல்லாத ஆலாபனையும் உள்ளத்தைத் தொடும். பெற்றோர் தம் பிள்ளைகளை மேளக் குழுவின் அருகே சிறிது நேரம் நிறுத்திக் கேட்கச் செய்தால் போதும், விதை ஊன்றப்பட்டுவிடும்.

திருவிழாவில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திச் செவி சாய்ப்பதும் ஒரு வழிபாடே. நாத வடிவான இறைவன் அந்நேரம் அவ்விசையிலேயே எழுந்தருளியிருக்கின்றான். எல்லாம் வல்ல இறையருள் யாவரையும் காத்தருள்வதாக.